பட்டாளத்து விமானியும் பணங்கட்டிய விமானியும்

கோவை வட்டார மில் தொழிலாளிக்கு ஆகாய விமானம் புதிது அல்ல. சிங்காநல்லூர்ப் பக்கம் ஷிப்டு விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், பீளமேட்டிலிருந்து பிரயாணி விமானம் எழும்பிப் போகும். கிழக்கே சூலூரில் விமானப்படையின் தேஜஸ் காதைக் கிழித்துக்கொண்டு சீறும். இரண்டையும் ஓட்டுகிறவர் மனிதர்தான். ஆனால் அந்த இரண்டு ஆசனங்களுக்கும் போகிற பாதை ஒன்று அல்ல.

சென்ற மாதம் நூல் மில்லில் ரிங் பிரேம் பார்க்கும் தோழர் ஒருவர் நமது ஆபீசுக்கு வந்தார். "தோழர், எம் பொண்ணு பன்னெண்டாவதுல கணக்கும் பிசிக்சும் எடுத்துப் படிக்கறாளுங்க. பைலட் ஆகோணும்னு ஒரே புடியா நிக்கறா. ஒரு பறக்கற ஸ்கூலுக்குப் போய் விசாரிச்சுட்டு வந்தோமுங்க" என்றார். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். கோட்டுப் போட்ட ஆள் ஒருவர் காப்பி கொடுத்து உட்கார வைத்தாராம். முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்களுக்கு நிலம் இருக்கிறதா?" அந்தப் பெண்ணுக்குக் கண் பார்வை எப்படி, கணக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைசென்சுக்கும் அதற்குப் பிறகு உள்ள பயிற்சிக்கும் சேர்த்து 55 லட்சம் ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற ஹவில்தார். அவர் சொன்னாராம்: "அதெல்லாம் பஸ் டிரைவர் உத்தியோகமப்பா. பட்டாளத்துல பழகினவன்தான் பைலட். சிவில்ல காசு கட்டினா யாருக்கும் லைசென்சு கொடுப்பான்."

"எதுங்க தோழர் நெசம்?" என்று கேட்டார் நமது தோழர். ஹவில்தார் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

பஸ் டிரைவர் என்ற ஏளனம்

முதலில் ஒன்று. பஸ் டிரைவர் என்பது நமக்கு வசவு அல்ல. அறுபது உயிரை மலைப் பாதையில் இறக்கிக் கொண்டுவந்து சேர்ப்பவரை இளக்காரமாகப் பேசுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

விமானப்படையில் என்ன நடக்கிறது? ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் விமானப்படைக் கழகம் இருக்கிறது. அங்கே பயிற்சி விமானத்தில் ஆரம்பிக்கிறார்கள். பிறகு மூன்றாகப் பிரிக்கிறார்கள். சண்டை விமானத்துக்குத் தேறியவர்கள் பின்னால் பீதருக்கும், சரக்கு விமானத்துக்கு எலஹங்காவுக்கும், ஹெலிகாப்டருக்கு ஹக்கிம்பேட்டைக்கும் போகிறார்கள். விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சுழன்று விழுகிற விமானத்தை மீட்க வேண்டும். இறக்கைக்கு இறக்கை சில கஜ தூரத்தில் அணிவகுத்துப் பறக்க வேண்டும். சண்டை விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். யோசிப்பதும் அவர்தான், செய்வதும் அவர்தான். கைமீறிப் போனால் வெளியே தூக்கி எறிந்து உயிர் காக்கும் ஆசனம் உண்டு.

பிரயாணி விமானத்தில் அந்த ஆசனம் கிடையாது. பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விமானி வீரம் காட்டுவதற்கு அங்கே வேலை இல்லை. ஒருவர் ஓட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காரியத்தையும் பட்டியலைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இயந்திரம் நின்றால், தீப்பிடித்தால், சக்கரம் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதைத் தரையில் நிற்கும் மாதிரி விமான அறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பழக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சோதனை உண்டு.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டார்கள். அனுமதி கிடைக்காமலே விமானத்தைக் கிளப்பியவர் புதியவரா? இல்லை. தமது கம்பெனியில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்து வந்த மூத்த தலைமை விமானி. "எதிர் விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ?" என்று பின்னால் இருந்த இஞ்சினியர் சந்தேகம் கேட்டார். மேலதிகாரி அதைத் தட்டிக் கழித்துவிட்டார். அதற்கு மேல் கீழ்நிலையில் இருந்தவர் பேசவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

மெஷினில் பெல்ட் கருகுகிற வாடை வருகிறது என்று சொன்ன தொழிலாளியை "உன் வேலையைப் பாரு" என்று மேஸ்திரி அடக்கிவிட்டு, பிறகு நடந்ததை நமது வாசகர்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். அதே கதைதான். டெனரிஃபுக்குப் பிறகுதான் சிவில் விமான உலகம் கீழே இருப்பவர் வாய் திறக்கவும், மேலே இருப்பவர் காது கொடுக்கவும் ஒரு பாடமாக வைத்துப் பழக்கத் தொடங்கியது. பின்னால் பட்டாளங்களும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டன. ஆகவே, பட்டாளத்தில் பழகினவன்தான் பைலட் என்பது புரட்டு. வேலை வேறு, பழக்கம் வேறு. அவ்வளவுதான்.

யார் வீட்டுக் காசு?

ஹவில்தார் சொன்னதில் சரியான பாதி எது? காசு பற்றிச் சொன்னதுதான்.

விமானப்படையில் சேருகிற பிள்ளையிடம் சர்க்கார் நிலப் பத்திரம் கேட்பதில்லை. பரீட்சை வைக்கிறது. கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று இயந்திரத்தின் முன் உட்கார வைத்துச் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் தவறினால் ஆயுளில் மறு சந்தர்ப்பம் கிடையாது. தேறினால் சாப்பாடு, உடுப்பு, பெட்ரோல், வாத்தியார் எல்லாம் சர்க்கார் செலவு. பயிற்சியின் கடைசி ஓர் ஆண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். நடுவில் கை வரவில்லை என்று தெரிந்தால், யார் வீட்டுப் பிள்ளையானாலும் விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள்.

வாத்தியார் விஷயத்தையும் கவனியுங்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியாது. அதற்கென்றே விமானப்படைக்குத் தனிப் பள்ளி உண்டு. நமது தாம்பரத்தில்தான் 1954 முதல் அது நடக்கிறது. சிவில் பக்கத்தில், அமெரிக்காவிலே பார்த்தால், நேற்று லைசென்சு வாங்கியவர், கம்பெனி கேட்கிற மணிக்கணக்கு சேரவில்லை என்பதற்காக இன்று வாத்தியாராகிறார். கணக்கு சேர்ந்ததும் ஓடிவிடுகிறார். குற்றம் அவருடையதல்ல. வயிற்றுப்பாடு.

இந்தியாவில் வர்த்தக விமானி லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டாவதில் கணக்கும் பௌதிகமும் வேண்டும். இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகள். ஆனால் அந்த 200 மணியில் ஒவ்வொரு மணிக்கும் காசு எண்ணி வைக்க வேண்டியது தகப்பன். லைசென்சு வாங்கினால் போதுமா? கம்பெனி எந்த ரக ஜெட் வைத்திருக்கிறதோ அந்த ரகத்துக்கு மறுபடி பயிற்சி. அதற்கும் பல லட்சம். பெரும்பாலும் அதையும் பிள்ளையின் தலையிலேயே கட்டுகிறார்கள். கம்பெனிகளே நடத்தும் திட்டங்களில் மொத்தம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுவதும் உண்டு.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசா செலவழிக்காமல், பட்டினி கிடந்து சேர்த்தால் 55 லட்சம் சேர 163 வருஷத்துக்கு மேல் ஆகும். பாங்கில் கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வழக்கமாக ஈடு கேட்பார்கள். திரும்பவும் அதே கோட்டுக்காரர் கேள்விதான்: நிலம் இருக்கிறதா?

மில்லில் பழகுகிறவருக்கு அரைக் கூலியாவது உண்டு. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் அதைச் சொல்கிறது. அதற்குக்கூட முதலாளிகள் எத்தனை டிமிக்கி கொடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பழகுகிறவனே முதலாளிக்குப் பணம் கட்டிப் பழக வேண்டும் என்ற புதுமையை ஆகாயத்தில்தான் பார்க்கிறோம்!

பட்டாளத்திலும் கஞ்சத்தனம்

சர்க்கார் செலவு என்றதும் எல்லாம் சுகம் என்று யாரும் எண்ண வேண்டாம். செலவு செய்ய வேண்டிய இடத்தில் இழுத்தடித்து இளைஞர்களைப் பலி கொடுத்ததும் இதே சர்க்கார்தான்.

1982இல் ஏர் மார்ஷல் லா ஃபோன்டேன் தலைமையில் ஒரு கமிட்டி சண்டை விமான விபத்துகளை ஆராய்ந்தது. மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21 போன்ற வேகமான விமானத்துக்குப் பையன்களை ஏற்றாதீர்கள், நடுவில் ஒரு பயிற்சி ஜெட் வேண்டும் என்பது அதன் முக்கிய யோசனை. மிக்-21 தரை தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருக்கும். ஏணியில் நடுப்படி இல்லாமல் மேல்படிக்குத் தாவச் சொன்னால் எத்தனை பேர் விழாமல் தாவுவார்கள்? நடுப்படி எப்போது வந்தது? ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004இல். பீதரில் அது சேவைக்கு வந்தது 2008இல். இருபத்தாறு வருஷம்! காங்கிரஸ், ஜனதா தளம், பா.ஜ.க. என்று எத்தனை மந்திரிசபைகள் வந்து போயின! கோப்பு மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை.

2012இல் ராணுவ மந்திரி பார்லிமெண்டில் சொன்ன கணக்கு இது: வாங்கிய மிக் ரக விமானங்கள் 872. நடந்த விபத்துகள் 482. மாண்ட விமானிகள் 171. அத்தனையும் பயிற்சிக் குறையால் என்று நாம் சொல்லவில்லை. பழசாகிப் போன இயந்திரம், உதிரிப் பாகம், பறவை மோதல் என்று பல காரணங்கள் உண்டு. மிக் சோவியத் நாட்டு விமானம் என்பதற்காக நாம் எதையும் மூடி மறைக்கவும் இல்லை. அதைச் செய்யும் நுட்பத்தையே நமக்குக் கொடுத்து நாசிக்கில் கட்ட வைத்த நாடு அது. அறுபதுகளில் வந்த விமானத்தை 2025 செப்டம்பர் வரை ஓட்டிக்கொண்டிருந்தது யாருடைய தீர்மானம்?

விபத்து நடந்ததும் விசாரணையில் அடிக்கடி வந்த வார்த்தை "மனிதத் தவறு". மில்லில் கை போனால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுகிறார்களே, அதற்கு அண்ணன் முறை இந்த வார்த்தை. நடுப்படியை வைக்காதவர் மனிதர் இல்லையா? அவர் செய்தது தவறு இல்லையா?

1,500 மணியும் 750 மணியும்

காசு கட்டிப் பழகும் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முதலாளித்துவத்தின் தலைநகரமே சாட்சி. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரயாணி விமானம் வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் செத்தார்கள். தலைமை விமானி காசு கட்டிச் சேரும் பயிற்சிப் பள்ளி வழியாக வந்தவர். முன்பு சோதனைப் பறப்புகளில் பல தடவை தவறியவர். வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது, மூக்கை இறக்குவதற்குப் பதிலாகத் தூக்கினார். துணை விமானியான இளம் பெண்ணின் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 16,000 டாலர். வேலை பார்க்கும் ஊரில் வீடு எடுக்க அது காணாது. ஆகவே தேசத்தின் மறு கோடியில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் விமானத்தில் பிரயாணம் செய்து வந்து வேலையில் ஏறியிருந்தார்.

அதன் பிறகு 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்றார்கள். ஆனால் பட்டாளத்தில் பழகியவருக்கு 750 போதும் என்று விதி செய்தார்கள். பார்த்தீர்களா, பட்டாளத்து ஒரு மணி சிவிலில் இரண்டு மணிக்குச் சமம் என்று ஹவில்தார் குதிப்பார். நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். பொறுக்கி எடுத்து, நல்ல வாத்தியார் வைத்து, விடாமல் பழக்கினால் பாதி மணியில் தேறுகிறார்கள். அதைச் செய்தது துப்பாக்கி அல்ல, பொதுப் பணம். அதே பணத்தையும் அதே கண்டிப்பையும் சிவில் பயிற்சிக்குக் கொடுத்தால் அங்கே தேறமாட்டார்களா?

நமது நாட்டு யோக்கியதை என்ன? 2011இல் மதிப்பெண் பட்டியலைத் திருத்தி மேல் லைசென்சு வாங்கிய விமானிகள் சிலர் கைதானார்கள். பறக்காத மணியைப் பறந்ததாக எழுதிய பித்தலாட்டமும் அதே வருஷம் வெளியே வந்தது. 2025 அக்டோபரில் சிவில் விமான டைரக்டர் ஜெனரல் இலாகா முதல் முறையாகப் பறக்கும் பள்ளிகளுக்குத் தரம் போட்டது. 35 பள்ளிகளில் ஒன்றுகூட மேல் இரண்டு தரங்களில் வரவில்லை. 55 லட்சம் கொடுத்து வாங்குகிற சரக்கின் லட்சணம் இது!

யுத்தம் வந்தால் பணம் வரும்

சிவில் பிள்ளைகளுக்குச் சர்க்கார் செலவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. நடந்திருக்கிறது. ருஷ்யாவில் மட்டும் அல்ல, அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது.

1938 டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு திட்டத்தை அறிவித்தார். கல்லூரி மாணவர்களுக்குச் சர்க்கார் செலவில் விமானப் பயிற்சி. 1939 முதல் 1944 வரை 4,35,000 பேருக்கு மேல் அதில் பழகினார்கள். நீக்ரோ மக்களை விமானப்படை சேர்த்துக்கொள்ளாத அந்த நாளில், டஸ்கீகீ கல்லூரியில் அவர்களுக்கும் இந்தத் திட்டம் கிடைத்தது. பெண்களும் பழகினார்கள், 1941இல் அவர்களை நிறுத்திவிட்டார்கள். பணம் இல்லை என்ற பேச்சு அப்போது எங்கே போயிற்று? ஹிட்லரோடு யுத்தம் வரப்போகிறது என்றதும் கஜானா திறந்தது. யுத்தம் முடியும் முன்பே அது மூடிக்கொண்டது.

சோவியத் நாட்டில், 1991இல் அது கலைகிற வரை, பறக்கும் சங்கங்கள் தொழிலாளர் பேட்டைகளிலேயே இருந்தன. உலகத்தில் முதலில் விண்வெளிக்குப் போன யூரி ககாரின் தச்சர் மகன். வார்ப்பாலைத் தொழில் படித்தவர். சராத்தவ் நகரத் தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டே, 1955இல் அந்த ஊர்ப் பறக்கும் சங்கத்தில் விமானம் ஓட்டப் பழகினார். வலண்டீனா தெரஷ்கோவா யாரோஸ்லாவ்ல் ஜவுளி மில்லில் வேலை பார்த்தவர். ஆம், நமது தோழர்களைப் போல நூலோடு மாரடித்தவர். அவர் பழகியது விமானம் அல்ல, பாராசூட். அதுவும் அவ்வூர்ச் சங்கத்தில்தான். 1963இல் விண்வெளிக்குப் போனார். பட்டாளத்துக்கு ஆள் தேடும் நோக்கம் அந்தச் சங்கங்களுக்கு இல்லையா என்றால், இருந்தது. ஆனால் வாசலில் நிலப் பத்திரம் கேட்கவில்லை.

இங்கே இப்போது எல்லாரும் விமானிப் பஞ்சம் என்று கூப்பாடு போடுகிறார்கள். 30,000 விமானிகள் வேண்டும் என்று மந்திரியே சொல்கிறார். 2023இல் இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்ந்து 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. 2025 டிசம்பரில், விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற விதி வந்ததும், தேசத்தின் மிகப் பெரிய விமானக் கம்பெனிக்கு ஆள் போதவில்லை. ஆயிரக்கணக்கான பறப்புகள் ரத்தாகி ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். விமானம் வாங்கப் பணம் இருக்கிறது. அதை ஓட்டுகிறவனைப் பழக்க மட்டும் ஏழை எளியவன் நிலத்தை விற்க வேண்டுமா? இவர்கள் இன்னொரு சௌகரியத்தையும் அனுபவிக்கிறார்கள். விமானப்படையில் பொதுஜனப் பணத்தில் பழகியவர்கள் வெளியே வந்ததும், தேர்ந்த கைகளாகக் கம்பெனியில் சேருகிறார்கள். அவர்களைப் பழக்கிய செலவில் கம்பெனி கொடுத்த பங்கு எவ்வளவு?

நாம் கேட்பது இது. பொதுப் பணத்தில் சிவில் பறக்கும் பள்ளிகள் வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் சர்க்கார் நடத்தும் கழகமே 40 லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்குகிறது; அது முதலில் ஒழிய வேண்டும். பட்டாளத்தைப் போல, கையையும் கண்ணையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். தேறாதவரை இறக்கிவிடவும் வேண்டும். ஜெட் ரகப் பயிற்சியின் செலவைக் கம்பெனிகள் ஏற்க வேண்டும். பள்ளிகளுக்கும் அவர்கள் லாபத்திலிருந்து வரி பிடிக்க வேண்டும். தாம்பரத்தைப் போல வாத்தியார்களைப் பழக்க சிவில் பக்கமும் ஓர் இடம் வேண்டும். இதில் நடக்க முடியாதது எது?

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னோம் என்று வாசகர்கள் கேட்பார்கள். தகப்பனையும் மகளையும் மறுநாள் வரச் சொன்னோம். தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தரம் நடக்கிறது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. பறக்கும் பிரிவுக்கு 162 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். ரேஷன் அரிசியில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இதிலேயே விழுந்துவிடுகிறார்களோ! ஆபீஸ் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சில் கோடு போட்டு அளந்தோம். 164 இருந்தது. நேர்முகத் தேர்வில் இங்கிலீஷ் பேச வேண்டும்; அதற்கு நமது ஆசிரியர் சங்கத் தோழர் ஒருவர் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். 2025ஆம் வருஷத்து அறிவிப்பை எடுத்துப் பார்த்தோம். விமானப்படைப் பறக்கும் பிரிவுக்கு 92 இடம். அதில் தேசம் முழுவதும் உள்ள பெண்களுக்கு 2.

தகப்பனார் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டுங்களா?" என்றார். மகள், "ரெண்டு இருக்குதுல்லப்பா" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று நம்மிடம் கேட்டாள்.